உயிரோடு இருந்த பெரியம்மாவுக்கு வந்த மலர்வளையம்

எனக்கு அந்த போனை விற்றவன் ஒரு பொய்யன். ராயபுரத்தில் எங்கள் தெரு முனையில் கலர் குடையை விரித்து, அந்த வெயிலிலும் டை கட்டிக்கொண்டு நின்றானே, அவன்தான். பெயர் தெரியாது. எங்கே இருந்தாலும் இதைப் படிக்கட்டும்.

செல்போன் எல்லார் கைக்கும் வராத காலம் அது. எங்கள் தெருவில் ரோசம்மா பெரியம்மா வீட்டில் மட்டும்தான் போன். கறுப்பு போன், தூக்கி அடித்தால் ஆள் காலி. அந்த நம்பரைத்தான் தெருவே பி.பி. நம்பர் என்று எழுதிக் கொடுத்திருந்தது. யாருக்கு அழைப்பு வந்தாலும் பெரியம்மா ஜன்னல் வழியாகக் கத்திக் கூப்பிடுவார். பக்கத்து வீட்டில் இருந்த எனக்கும் அதே நம்பர். கப்பலில் வேலை பார்த்த அவருடைய ஒரே மகன் சேவியர் அண்ணனுக்கு ஊரில் தெரிந்த நம்பரும் அது ஒன்றுதான். கப்பல் எந்தத் துறைமுகத்தில் நின்றாலும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுவிடுவார்.

மழை வந்தால் அந்த போனில் மீன் பொரிக்கும் சத்தம் மட்டும்தான் கேட்கும். லைன்மேனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குத் தொண்டை போயிற்று. அப்போது நான் திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். (உலகத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு. அதற்குத் தனியாகச் சம்பளம் யாரும் கொடுக்கவில்லை.) குடைக்காரனிடம் போய் நின்றேன்.

“ஒயரே இல்லக்கா, டிஜிட்டல். பக்கத்துல குந்திகினு பேசுற மாதிரி கேக்கும். கூடவே நெட்டும் போட்டுக்கலாம்.”

“நெட்டு யாருக்குப்பா? எங்க பெரிம்மா மீன் கழுவுன கையோட போன் எடுக்கும். வெறும் போன் போதும்.”

நெட்டு விஷயத்தில் நான் ஏமாறவில்லை. இந்தக் கதையில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு இருப்பது அது ஒன்றுதான்.

பெரியம்மாவுக்குப் பிடிக்கவில்லை. “நான் கீற வரைக்கும் இந்த போன் கீது ஸ்டெல்லா. இது போச்சுன்னா நான் போயிட்டேன்னு வெச்சிக்க. சேவியராண்டயும் அதான் சொல்லிக்கீறேன்.”

“ஐய, சும்மா இரு பெரிம்மா. காலம் எங்கயோ போய்கினு கீது.”

பெரியம்மாவிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு பழைய போனை ஒப்படைக்கப் போனேன். டெலிபோன் ஆபீஸில் இருந்த ஒரு அம்மா கேட்டார்: “நம்பர் மாறுதேம்மா, எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்களா?”

“அதெல்லாம் எங்க வீட்டு விஷயம்” என்றேன்.

புது போன் வந்தது. பார்க்க வீட்டு போன் மாதிரியே இருக்கும், தலையில் ஒரு கொம்பு. சிக்னல் கிடைத்த இடம் அடுக்களை ஜன்னல் ஓரம் மட்டும்தான். குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் அதைக் குடிவைத்தோம்.

முதல் ஞாயிறு மணி அடிக்கவில்லை. “கப்பல் நடுக்கடல்ல இருக்கும் பெரிம்மா” என்றேன். அடுத்த ஞாயிறும் அடிக்கவில்லை. கரண்டில் ஓடும் போன் வெடித்துவிடும் என்று பயந்து பெரியம்மா ராத்திரியில் பிளக்கைப் பிடுங்குவது வழக்கம். எனக்கு அது வசதியாகப் போயிற்று.

“நீ பிளக்கைப் புடுங்கினா அது எப்டி அடிக்கும்?” என்று கத்தினேன்.

அன்று முதல் அவர் பிளக்கைத் தொடவில்லை. போன் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடப் போகவில்லை. சாயங்காலம் மட்டும் கோயிலுக்குப் போய் மகனுக்காக மெழுகுவத்தி ஏற்றிவிட்டு ஓடிவருவார். “எம் புள்ளைய கடல் தூக்கிகினு போயிடுச்சாடி?” என்று ஒருநாள் என் கையைப் பிடித்துக் கேட்டார்.

அன்றைக்குத்தான் எனக்குப் பழைய நம்பர் ஞாபகம் வந்தது. போன் பூத்துக்குப் போய்ப் பழைய நம்பரைச் சுழற்றினேன். ‘இந்த எண் உபயோகத்தில் இல்லை’ என்று ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள். மூன்று மொழியிலும் கேட்டேன். திரும்பி வந்து பெரியம்மாவிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

அந்த நாளைக்கு வருவதற்குள் சனிக்கிழமை காலையில் ஆட்டோ வந்து நின்றது. சேவியர் அண்ணன் இறங்கினார். முகம் வீங்கியிருந்தது. கையில் ஒரு பெரிய மலர்வளையம். தெருவே வெளியே வந்தது.

எதிர்ப்பக்கமிருந்து பெரியம்மா மீன் பையோடு வந்துகொண்டிருந்தார். மகனைப் பார்த்தார். பை கீழே விழுந்தது. மலர்வளையத்தைப் பார்த்தார்.

“யார்ரா பூட்டாங்க?”

அண்ணன் வளையத்தை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வளையத்தில் தொங்கிய ரிப்பனை இழுத்து என் பக்கம் நீட்டினார். “ஸ்டெல்லா, இன்னா எழுதிக்கீது, படி.”

தெரு முழுக்க நிற்கிறது. படித்தேன். “அன்பு அம்மாவுக்கு, கண்ணீருடன், சேவியர்.”

பெரியம்மா ரிப்பனைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். அப்புறம் மகன் முதுகில் ஓங்கி ஒரு அறை. “கம்னாட்டி! நான் உனக்கு மெழுகுவத்தி ஏத்திகினு கீறேன், நீ எனக்கு மாலை வாங்கிகினு வர்றியா!” அறைந்த கையாலேயே கட்டிக்கொண்டு அழுதார். தெரு சிரித்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.

பழைய நம்பரில் அதே பெண் குரலைக் கேட்டுவிட்டு, அம்மா சொல்லி வைத்ததை நம்பி, அண்ணன் விசாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கியிருந்தார். கப்பல் காத்திருக்கவில்லை. கப்பல்காரர்கள் அவரைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடவும் இல்லை. அதற்கப்புறம் எண்ணூரில் ஒரு கம்பெனியில் கிரேன் ஓட்டினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, ஆறியிருப்பேன்.

அன்று சாயங்காலம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “பழைய நம்பருக்கு அடிச்சா இதுல வருமான்னு போன் வித்தவனைக் கேட்டியா ஸ்டெல்லா?”

“கேட்டேன். வரும்னு சொன்னான்” என்றேன்.

இன்றும் நான் சுரைக்காய் வாங்கி வந்தால்கூட வீட்டில் எவனாவது ஆரம்பிப்பான், “பழைய நம்பருக்கு வருமான்னு கேட்டியா?” பிள்ளைகள்கூடக் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் “கேட்டேன்” என்கிறேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், குடையின் நிறம் ஞாபகம் இருக்கிறது. அவன் டையில் இருந்த டீக் கறை ஞாபகம் இருக்கிறது. அதைக் கேட்டது மட்டும் ஞாபகத்தில் இல்லை.

அதனால், குடைக்காரனே, நீ வா. அதே தெரு முனைக்கு வா. சேவியர் அண்ணனைக் கூட்டி வருகிறேன், தெருவையும் கூப்பிடுகிறேன். எல்லார் எதிரிலும் சத்தமாகச் சொல். நான் உன்னைக் கேட்டேனா, இல்லையா?