தொடாமல் வைத்த கிண்ணம்

நெஞ்செரிகிறது என்று மம்தூஹ் சொன்னது ஒரே ஒருவரிடம்தான். மூன்றாம் மாடி உம்மு ஸுஹைர் படிக்கட்டில் மறித்து, "என்ன தம்பி, முகம் இப்படி வாடிக் கெடக்கு?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மம்தூஹ் நெஞ்சைத் தொட்டுக் காட்டிவிட்டார்.

அம்மான் நகரத்தின் அஷ்ரஃபிய்யா குன்றில் இருந்த அந்த நான்கு மாடிக் கட்டடத்துக்கு அது போதுமானதாக இருந்தது. அன்று வெள்ளிக்கிழமை, எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். ஜும்ஆ தொழுகைக்கு முன்பே உம்மு ஸுஹைர் மரமிய்யா மூலிகை இலையைக் கொதிக்கவைத்து ஒரு கூஜா நிறையக் கொண்டுவந்துவிட்டார்.

"இதக் குடி. என் வீட்டுக்காரருக்கு இதாலதான் சரியாச்சு."

"அவர் போன வருஷம் தவறிட்டாரே, அக்கா?"

"அது இருதயத்துல. வயிறு கடைசிவரைக்கும் கல்லு மாதிரி இருந்துச்சு."

கீழ்வீட்டு முடிதிருத்துபவர், வெறும் வயிற்றில் அரைக் கிண்ணம் ஒலிவ எண்ணெயில் எலுமிச்சை பிழிந்து குடிக்கச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். எதிர்வீட்டிலிருந்து ஊறவைத்த கொண்டைக்கடலை வந்தது. பச்சையாக மெல்ல வேண்டுமாம். மொட்டைமாடியில் புறா வளர்ப்பவர், இடது பக்கமாகத்தான் படுக்க வேண்டும் என்று செய்து காட்டுவதற்காக மம்தூஹின் கட்டிலிலேயே படுத்துக் காட்டினார்.

மம்தூஹ் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவர். நாற்பத்தாறு வயது, தனியாள், யார் மனத்தையும் நோகடிக்கத் தெரியாதவர். எல்லாவற்றையும் குடித்தார், எல்லாவற்றையும் மென்றார். செவ்வாய்க்கிழமை அவரை வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

"யார் என்ன கொடுத்தாலும் தொடாதீங்க. முக்கியமா காப்பி. நாப்பது நாளைக்கு ஒரு சொட்டு உள்ள போகக்கூடாது. போச்சுன்னா, அடுத்த தடவ இங்க இல்ல, ஆஸ்பத்திரியில பாப்போம்" என்றார் வைத்தியர்.

வீட்டுக்கு வந்த மம்தூஹ், வைத்தியங்களிலிருந்து தப்பிக்க ஒரே வழிதான் உண்டு என்று தீர்மானித்தார். சுத்தமாகக் குணமாகிவிட்டது என்று அறிவித்தார்.

மாலையே படிக்கட்டில் சண்டை. குணமாக்கியது ஒலிவ எண்ணெய்தான் என்றார் முடிதிருத்துபவர். "எண்ணெயாம், எண்ணெய்! அந்த எண்ணெயைக் கழுவி வெளிய தள்ளுனது யாரு? என் மரமிய்யா!" என்றார் உம்மு ஸுஹைர். இரண்டு கட்சியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயின. இனி இன்னும் எரிகிறது என்று மம்தூஹ் ஒரு வார்த்தை சொன்னால் நான்கு மாடிகளின் மானமும் போய்விடும்.

மொத்தக் கட்டடத்திலும் வைத்தியம் சொல்லாதவள் ஒருத்திதான். இரண்டாம் மாடி அபூ ஹாயிலின் தங்கை இன்ஸாஃப். பெண்கள் பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் வேலை. கணவனை இழந்து அண்ணன் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. படிக்கட்டில் பார்த்தபோது, "சீக்கிரம் சரியாகட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அந்த இரண்டு வார்த்தைகளுக்காக மம்தூஹ் மூன்று நாள் சந்தோஷமாக இருந்தார்.

அவள் இறங்கும் நேரம் பார்த்துத் தானும் இறங்குவது அவருக்கு இரண்டு வருடப் பழக்கம். பெண் கேட்டு ஆள் அனுப்பலாம்தான். ஆனால் நெஞ்செரிச்சலுக்கே இத்தனை வைத்தியம் சொன்ன கட்டடம் இதற்கு என்னென்ன சொல்லும்? அதைவிட, அவள் மாட்டேன் என்றுவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு அந்தப் படியில் இறங்குவது?

இப்படியிருக்கையில் அபூ ஹாயில் மொட்டைமாடியில் வழுக்கி விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். மம்தூஹ் ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கிக்கொண்டு நலம் விசாரிக்கப் போனார்.

அபூ ஹாயில் கூடத்தில் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். கரக் ஊர்க்காரர், பழைய முறை எதையும் விட்டுக்கொடுக்காதவர். பக்கத்தில் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் நவ்வாஃப், ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற ஹவில்தார்.

"வாங்க தம்பி, வாங்க! காலப் பாத்தீங்களா, பூசணிக்கா மாதிரி!"

"வெங்காயத்த வதக்கிக் கட்டுங்கன்னு சொல்றேன், கேக்கமாட்டேங்கறார்" என்றார் நவ்வாஃப்.

"ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டார் மம்தூஹ், உண்மையான இரக்கத்தோடு.

இன்ஸாஃப் காப்பித் தட்டோடு வந்தாள். அண்ணன்மார் இருவருக்கும் வைத்தாள். மம்தூஹுக்கு முன்னால் ஒரு சின்னக் கிண்ணத்தைத் தனியாக வைத்தாள். கருப்பாக, ஆவி பறக்க, ஏலக்காய் மணத்தோடு. வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மம்தூஹ் கிண்ணத்தைப் பார்த்தார். வைத்தியர் கண்முன் வந்தார். வேண்டாம் என்றால் ஏன் என்பார்கள். ஏன் என்றால் வயிறு. வயிறு என்றால் ஒலிவ எண்ணெய். பேச்சு மும்முரத்தில் மறந்துவிட்டதுபோல இருந்துவிடலாம் என்று நினைத்தார். அரசாங்க மருத்துவமனைகளைப் பற்றி விரிவாகப் பேசினார். கிண்ணத்தில் இருந்தது ஆறியது.

அபூ ஹாயில் கிண்ணத்தைப் பார்த்தார். நவ்வாஃபைப் பார்த்தார். இருவர் முகமும் மாறியது.

அப்போதுதான் மம்தூஹுக்கு உறைத்தது. ஒரு வீட்டுக்கு வந்தவர் காப்பியைத் தொடாமல் வைத்தால், அவருக்கு ஏதோ கேட்க வேண்டியிருக்கிறது என்று பொருள். வீட்டுக்காரர் 'தந்தேன்' என்று சொல்லும்வரை அவர் குடிக்க மாட்டார். அம்மானில் பாதிப் பேர் மறந்துவிட்ட முறைதான். மறக்காத பாதியில் முதல் ஆள் அபூ ஹாயில்.

"தம்பி, என்ன கேட்டு வந்திருந்தாலும் சரி, தந்தேன். குடிங்க" என்றார் அபூ ஹாயில், எழுந்து உட்கார்ந்து.

"ஐயோ, நான் எதுவும் கேட்டு வரல. சும்மா பாத்துட்டுப் போகத்தான்..."

"சும்மா வந்தவர் குடிச்சிருப்பார்" என்றார் நவ்வாஃப்.

அபூ ஹாயில் தலையைக் குனிந்துகொண்டார். "தண்ணி விஷயம்தானே?"

"எந்தத் தண்ணி?"

"தெரியாத மாதிரி கேக்கறாரு பாரு, பெரிய மனுஷன்" என்று நவ்வாஃபிடம் சொல்லிவிட்டு, அபூ ஹாயில் பெருமூச்சு விட்டார். "வாரத்துல ஒருநாள் தண்ணி வர்றப்ப, மேல போய் ஒங்க தொட்டி வால்வப் பாதியில மூடிடுவேன். ஒத்தை ஆளுக்கு எதுக்கு அவ்ளோ தண்ணின்னு ஷைத்தான் காதுல ஓதிட்டான். போன வாரம் மூடப் போனப்பத்தான் வழுக்கிச்சு. அல்லாஹ் ஒடனே குடுத்துட்டான் பாருங்க."

மம்தூஹ் சுளுக்கிய காலைப் பார்த்தார். இரண்டு வருடமாகத் தண்ணீர் வந்த மூன்றாம் நாளே தொட்டி ஏன் வற்றுகிறது என்று அவர் குழாய்க்காரர்கள் மூன்று பேரைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தார்.

"இனிமே தொடமாட்டேன். இப்பக் குடிங்க."

"நான் அதுக்காக வரல, அபூ ஹாயில்" என்றார் மம்தூஹ். உண்மையைத்தான் சொன்னார்.

இன்ஸாஃப் வந்தாள். ஆறிய கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சூடான ஒன்றை வைத்தாள். மம்தூஹை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுப் போனாள்.

இந்த இரண்டாவது கிண்ணத்தின்போது எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் மம்தூஹுக்குள் ஒரு குறுகுறுப்பு தலைதூக்கியிருந்தது. பூட்டிய அலமாரியின் சாவி தற்செயலாகக் கையில் அகப்பட்டவரைப்போல இருந்தார். கையை மடியில் கட்டிக்கொண்டு கிண்ணத்தைப் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்தார்.

"அப்ப கார் நிறுத்துற எடமா?" என்றார் அபூ ஹாயில். "ஒங்க எடத்துல நிக்கிற ஓட்ட வண்டி யாரோடதுன்னு தெரியாதுன்னு சொன்னேன்ல, அது என் மவனோடது. நாளைக்கே எடுக்கச் சொல்றேன்."

மம்தூஹ் கிண்ணத்தைத் தொடவில்லை.

"போன ஈதுக்கு ஒங்களுக்கு வந்த பேரீச்சம்பழப் பெட்டி..."

"அதுவுமா?" என்றார் மம்தூஹ், தன்னை மறந்து.

"நல்ல பழம்" என்றார் நவ்வாஃப். "நானும் சாப்ட்டேன்."

மூன்றாவது கிண்ணம் வந்தது. இந்த முறை இன்ஸாஃப் உடனே திரும்பிப் போகவில்லை. தட்டைத் துடைப்பதுபோலக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனாள். மம்தூஹின் கண் அவள் பின்னாலேயே கதவுவரை போய்த் திரும்பியது. நவ்வாஃப் முப்பது வருடம் எல்லைக் காவலில் இருந்தவர். அவருடைய பார்வைக்கு அது தப்பவில்லை.

"அடேய் அபூ ஹாயில்! தண்ணியாம், வண்டியாம்! நீ எங்க தேடிக்கிட்டிருக்க? தம்பி இன்ஸாஃபக் கேட்டு வந்திருக்கான்யா!"

அபூ ஹாயில் சுளுக்கிய காலோடு எழுந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"அதுக்கு இவ்ளோ தயக்கமா? வால்வ மூடுன வீட்டுலயே பொண்ணு கேட்டு வந்திருக்கீங்களே! தந்தேன் தம்பி! குடிங்க!"

மம்தூஹ் கிண்ணத்தைப் பார்த்தார். குடித்தால், பெண் கேட்டதாகவும் கிடைத்ததாகவும் ஆகும். குடிக்காவிட்டால், கேட்டது கேட்டபடி நிற்கும். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒரு கண்ணாடிக் குடுவையைக் கேட்டு வாங்குவதுபோல அவளை யாரோ கேட்கிறார்கள், யாரோ தருகிறார்கள், அவளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்படி வேண்டாம் என்று தோன்றியது அவருக்கு. இரண்டு வருடம் காத்திருந்தது ஒரு வயிற்றுவலிக்காரனின் குளறுபடியாக முடியக் கூடாது.

"அபூ ஹாயில், மன்னிச்சிடுங்க" என்றார். "எனக்குக் குணமாகல. நான் சொன்னது பொய். வைத்தியர் காப்பியே தொடக்கூடாதுன்னுட்டார். அதனாலதான் குடிக்கல. வேற ஒண்ணுமில்ல."

நவ்வாஃப் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"ஒலிவ எண்ணெய்..." என்று தொடங்கினார் நவ்வாஃப்.

"வாய மூடு" என்றார் அபூ ஹாயில். அவர் மெல்ல உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் பத்து வயது கூடிவிட்டதுபோல இருந்தார். "அப்ப, காப்பி ஒத்துக்காதுங்கறது மட்டும்தானா தம்பி? இவ்ளோ நேரமும்? உள்ள இருக்கறவளுக்கு நான் இப்ப என்ன சொல்லுவேன்?"

நாளைக் காலை அந்தப் படிக்கட்டில் எப்படி இறங்குவது என்று மம்தூஹ் யோசித்தார். வேறு வீடு பார்க்க வேண்டியதுதான் என்றும் தோன்றியது.

இன்ஸாஃப் கதவருகே வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது, ஆனால் குரல் ஆய்வுக்கூடத்தில் முடிவைப் படித்துச் சொல்பவளுடையதாக இருந்தது.

"படியேறும்போதெல்லாம் நெஞ்சத் தடவிக்கிட்டு நிக்கிறவருக்கு நான் ஏண்ணே காப்பி வெக்கப்போறேன்? மூணு வாட்டியும் வெச்சது பேரீச்சங்கொட்டைய வறுத்துப் பொடிச்சுப் போட்ட தண்ணி" என்றவள் மம்தூஹ் பக்கம் திரும்பினாள். "இப்பச் சொல்லுங்க, காப்பியே இல்லாதத எதுக்குத் தொடாம வெச்சிருக்கீங்க?"