கொமென்ரறி அண்ணையும் கூரை தாழ்ந்த பள்ளிக்கூடமும்

வாய் மூடாமல் வாழ்வதற்கு ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரு போட்டி வைத்திருந்தால், முதற்பரிசு கொமென்ரறி அண்ணைக்குத்தான் கிடைத்திருக்கும். பரிசை வாங்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்குவதற்குள், தான் பரிசு வாங்கிய கதையையும் நேர்முக வர்ணனையாகச் சொல்லி முடித்திருப்பார். அவருடைய சொந்தப் பெயர் குடிவரவு அலுவலகத்துக்கு மட்டும்தான் தெரியும். தொண்ணூறுகளில் மோர்னிங்சைட்டில் நாங்கள் குடியிருந்த தொடர்மாடியில் சின்னன் பெரிசு எல்லோருக்கும் அவர் கொமென்ரறி அண்ணைதான்.

ஒருமுறை லிஃப்ற் நடுவழியில் நின்றுவிட்டது. உள்ளே நான், என் மனைவி, அண்ணை. வேறு யாராயிருந்தாலும் பயந்திருப்பார்கள். அண்ணை தொண்டையைச் செருமினார்.

"அன்பான நேயர்களே, ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் இடையில் ஆட்டம் சமநிலையில் நிற்கின்றது. மரக்கறிப் பையோடு நிற்கும் அம்மணி ஒருவர் பிள்ளையாரை அழைக்கின்றார். பிள்ளையார் இன்னும் களத்தில் இறங்கவில்லை..."

"அண்ணை, முதல்லை அந்த மணியை அடியுங்கோ!" என்று கத்தினாள் என் மனைவி.

"அம்மணி நடுவரோடு வாக்குவாதப்படுகின்றார், நேயர்களே!"

இந்த வியாதிக்கு ஒரு காரணம் இருந்தது. அண்ணையின் மனைவி கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்தார். அண்ணையும் மகள் சுபாவும் மட்டும் இங்கே. மாதம் ஒரு கசற்றில் பேசிப் பதிந்து, கொழும்புக்குப் போகிற ஆட்களிடம் கொடுத்தனுப்புவார். அந்தக் கசற் முழுக்க சுபா விளையாடும் வொலிபோல் போட்டிகளின் வர்ணனை. 'நேயர்களே' என்று பன்மையில்தான் அழைப்பார். கேட்பவர் ஒரே ஒருவர்.

சுபாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. பனை மாதிரி வளர்ந்த பிள்ளை. எட்டாம் வகுப்பு அணிக்குத் தலைவி. போட்டி என்றால் அண்ணை பாண் போடும் தொழிற்சாலையிலிருந்து நேரே வருவார், புருவமெல்லாம் மாவோடு. செங்கல் அளவு ரெக்கோடர் ஒன்று கழுத்தில் தொங்கும்.

"சுபா எழும்புகின்றார்... எழும்புகின்றார்... இன்னும் இறங்கவில்லை, நேயர்களே!"

வெள்ளைக்கார நடுவர் இரண்டு தரம் அவரை வெளியே போய் நிற்கச் சொன்னார். வெளியே நின்று கண்ணாடிக்குள்ளால் பார்த்து மிச்ச ஆட்டத்தைச் சொன்னார். எதிரணி புள்ளி எடுத்தால் மட்டும் ரெக்கோடரை நிறுத்திவிடுவார். அதனால் வெள்ளவத்தையில் இருந்த அந்த அம்மாவைப் பொறுத்தவரை, கனடாவில் சுபாவுக்கு எதிராக ஒருவரும் ஒரு புள்ளிகூட எடுத்தது கிடையாது.

அந்தக் குளிர்காலத்தில் ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளிக்கூடம் தெரிவு செய்யும் படிவம் வந்தது. எங்கள் கட்டிடத்தில் யாருக்குப் படிவம் வந்தாலும் நிரப்புவது நான்தான். ஒரு கையில் படிவம், மறுகையில் ஒரு தட்டில் வடையோ கொழுக்கட்டையோ வரும். ஆங்கிலம் எனக்குத் தெரிந்ததைவிட, எனக்குத் தெரியும் என்று அவர்கள் நம்பியது அதிகம்.

பள்ளிக்கூடங்கள் பெற்றோரைக் கூப்பிட்டுச் சுற்றிக் காட்டிய நாட்களில் எங்கள் சனம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இங்கிருந்து எத்தனை பேர் டொக்டருக்குப் போகினம்? அண்ணை மட்டும் அளக்கும் நாடாவோடு வந்தார். துப்புரவுப் பணியாளரிடம் ஏணி கேட்டு, ஜிம் கூரையை அளந்தார். எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூடத்தின் கூரை சித்தியடைந்தது. பெண்கள் அணியும் பேர்போன அணி.

"பந்து போய்வர நல்ல இடம் கிடக்கு தம்பி. முதலாந் தெரிவிலை இந்தப் பள்ளிக்கூடத்தைப் பெரிய எழுத்திலை எழுதும்."

நான் எழுதுவதற்கு முன்பே சுபா தனியாக வந்தாள். வந்து, கதவடியிலேயே நின்றாள்.

"அங்கிள், எனக்கு மற்ற ஸ்கூல் வேணும். படம் கீறுறதுக்கு எண்டு தனி புரோகிராம் இருக்கு. டீச்சர் என்ரை படங்களை அனுப்பி, இடமும் கிடைச்சிட்டுது. ஆனா அங்கை வொலிபோல் ரீம் இல்லை."

"ஏன் பிள்ளை, உனக்கு வொலிபோல் விருப்பமில்லையே?"

"ஐயோ, விருப்பம் அங்கிள். ஐ லவ் இற். ஆனா கீறுறது அதைவிட விருப்பம்." குனிந்துகொண்டு சொன்னாள்: "அம்மாவுக்கு நான் கீறுறது தெரியாது. கசற்றிலை கீறுறது கேக்காதுதானே. அப்பாவிட்டை நீங்களே சொல்லுங்கோ, ப்ளீஸ்."

சொன்னேன். அண்ணை அளக்கும் நாடாவைத் தேடி எடுத்துச் சேர்ட் பையில் போட்டார். பிறகு, "கூரையைப் பாக்கோணும்" என்றார்.

மூன்று பேரும் இரண்டு பஸ் மாறிப் போனோம். பழைய செங்கல் கட்டிடம். ஜிம் என்று காட்டிய இடத்தில் நாடகத்துக்குச் செய்த அட்டை மரங்களும் ஒரு அட்டைக் கோட்டையும் அடுக்கிக் கிடந்தன. அண்ணை ஏணி கேட்கவில்லை. கதிரையில் ஏறிக் கையை உயர்த்தினார். கூரை தட்டுப்பட்டது.

"தம்பி, இஞ்சை ஒருத்தி எழும்பி அடிச்சா, முதல்லை பல்பு உடையும், பிறகு மண்டை உடையும்."

இறங்கி, ஒரு அட்டைச் சிம்மாசனத்தில் இருந்தார். சிரிக்க வேண்டிய காட்சி. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நாலு வரியமாப் பிள்ளையைக் காணாத மனுசி. பந்து இல்லாட்டி அவளுக்கு நான் பிள்ளையைப் பற்றி என்னத்தைச் சொல்லுறது? எனக்கு வேறை ஒண்டும் சொல்லத் தெரியாது தம்பி."

வெளியே சுவரில் மாணவர்களின் ஓவியங்கள் மாட்டியிருந்தார்கள். சுபா அதில் ஒன்றின் முன்னால், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள். அண்ணை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரணி எத்தனை புள்ளி எடுத்தாலும் அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை.

"தாரும் பேனையை" என்றார். என் முதுகில் படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பேனா அழுத்தியதில் முதுகு நொந்தது.

செப்டெம்பரில் சுபா இரண்டு பஸ் மாறிப் போகத் தொடங்கினாள். அவளுக்கும் ஆசை விட்டுப்போகவில்லை. உடுப்புத் தோய்க்கும் அறையில் காலுறைகளைச் சுருட்டி, எழும்பி எழும்பி அடித்துக்கொண்டிருப்பாள். என்னைக் கண்டால், "சும்மா அங்கிள்" என்பாள்.

ஒரு வியாழக்கிழமை வேறு அலுவலாகத் தெருமுனைப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஜிம்மில் பெண்கள் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பார்வையாளர் இருக்கும் மேல்வாங்கில் அண்ணை தனியே இருந்தார். ரெக்கோடர் மடியில், ஓடாமல். ஒரு பிள்ளை எழும்பி அடித்தபோது அவருடைய உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"ஆரின்ரையோ பிள்ளையள் தம்பி" என்றார் என்னைக் கண்டதும். "நல்லா விளையாடுதுகள். எங்கடையும் நிண்டிருந்தா..."

ஓடாத ரெக்கோடரின் பொத்தானை விரலால் தடவினார். பேசத் தெரிந்த மனிதன் பேச்சில்லாமல் இருப்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது பெரிய கொடுமை.

அடுத்த கிழமை ஒருவர் கொழும்புக்குப் பயணமானார். கசற் கொடுக்க வேண்டும். அண்ணை என்னையும் கூப்பிட்டு இருத்தி, சாப்பாட்டு மேசையில் படம் கீறிக்கொண்டிருந்த சுபாவின் முன்னால் ரெக்கோடரை வைத்துப் பொத்தானை அமத்தினார்.

"அன்பான நேயர்களே, வீராங்கனை பென்சிலைக் கையில் எடுக்கின்றார். கீறுகின்றார்... கீறுகின்றார்... இன்னும் கீறுகின்றார்... அழித்துவிட்டார், நேயர்களே! ஏன் பிள்ளை அழிச்சனி?"

"அப்பா, கொஞ்ச நேரம் பேசாம இருங்கோவன்!"

"வீராங்கனை வர்ணனையாளரோடு முரண்படுகின்றார்..."

பத்து நிமிடம் தாக்குப்பிடித்தார். பிறகு சொல்ல ஒன்றும் இல்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தபடி இருந்தவர், ரெக்கோடரை நிறுத்தவும் மறந்துபோனார். கசற் அந்தப் பக்கம் முடியும்வரை ஓடியது. அதை அப்படியே அனுப்பிவிட்டார். திரும்பப் பதிய நேரம் இருக்கவில்லை.

மூன்று கிழமை கழித்துக் கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. பேசி முடித்த கையோடு அண்ணை செருப்பும் போடாமல் என் கதவைத் தட்டினார்.

"தம்பி, மனுசி என்ன சொன்னவ தெரியுமோ? இவ்வளவு நாளும் அனுப்பினதிலை உங்கடை கத்தலும் சனத்தின்ரை கூச்சலும்தான் கேட்டது, இந்தமுறைதான் என்ரை பிள்ளையைக் கேட்டனான் எண்டு சொன்னவ. மூக்கை உறிஞ்சினது கேட்டதாம். பென்சில் உரசினது கேட்டதாம். கீறேக்கை என்னவோ முணுமுணுத்தவளாம், சின்னனிலையும் நிலத்திலை கரித்துண்டாலை கீறேக்கை உப்பிடித்தான் முணுமுணுக்கிறவளாம்." மூச்சு வாங்கினார். "அவவுக்குத் தெரிஞ்சிருக்கு தம்பி. எனக்குத்தான் தெரியேல்லை."

சிரித்தார். சிரித்துக்கொண்டே சேர்ட் நுனியால் கண்ணைத் துடைத்தார்.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை பொத்தானை அமத்திவிட்டு, மகளுக்குப் பக்கத்தில், இரண்டு பக்கமும் ஓடி முடியும்வரை வாயை இறுக மூடிக்கொண்டு இருந்தார். இருமல் வந்தாலும் எழும்பி வெளியே வந்து, என் வீட்டுக் கதவடியில் இருமிவிட்டுப் போவார். அவரை அறிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய விரதம் என்று விளங்கும்.

விசா கிடைத்து மனைவி அந்தக் கசற்றுகளையெல்லாம் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்ததும் அவர்கள் வேறு ஊருக்கு மாறிப்போனார்கள். நாங்களும் மில்லிக்கனில் வீடு வாங்கி வந்துவிட்டோம். அமைதியான தெரு. காலையில் நான் தேநீர் ஊற்றுகிறேன், பேப்பரை விரிக்கிறேன், அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அண்ணை தொண்டை கிழியக் கத்திய பழைய கசற்றுகளில் ஒன்றையாவது அன்றைக்கு எனக்கென்று கேட்டு வாங்கி வைத்திருக்கலாம்.