டெல்பர்ட் வழிகாட்டிய ஞாயிற்றுக்கிழமை

"சிவப்பு விளக்கு" என்று டெல்பர்ட் மூன்றாம் முறை கத்தியபோது, கார் அந்த விளக்கின் முன் நின்று அரை நிமிடம் ஆகியிருந்தது.

"தெரியுதுண்ணே. அதான் நின்னிருக்கேன்" என்றாள் மார்வெலா.

தங்கைக்குப் பிறவியிலேயே பார்வை குறைவு. மூக்குக்கண்ணாடியின் மேல்விளிம்பில் சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு தொலைநோக்கியைப் பொருத்தி, எட்டு மாதம் பயிற்சி எடுத்து, ஐம்பத்தாறாம் வயதில் கென்டக்கி மாநிலத்தின் ஓட்டுநர் உரிமத்தை முறைப்படி வாங்கியிருந்தாள். டெல்பர்ட்டுக்கோ கழுகுக்கண். அந்தக் கண்களோடுதான் போன வாரம் பக்கத்து வீட்டுத் தபால் பெட்டிமேல் வண்டியை ஏற்றினார். அந்த வண்டி பட்டறையில் கிடந்ததால், தேவாலய மதிய விருந்துக்குத் தங்கையின் காரில் வரும் தியாகத்தைச் செய்தார். மடியில் விருந்துக்கான சோளப் புட்டிங் பாத்திரம் சுடச்சுட, அதன்மேல் மூடிய சிவப்புத் துணி.

பச்சை விழுந்தது. மார்வெலா முகவாயைத் தாழ்த்தித் தொலைநோக்கி வழியாக ஒரு நொடி பார்த்துவிட்டு வண்டியை நகர்த்தினாள்.

"ரோட்டைப் பாக்காம எதுக்குத் தலையைக் குனியற?"

"குனிஞ்சாத்தான் தூரத்துப் பலகை தெரியும். முப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கு, முப்பத்தஞ்சுல போறேன். நீ கொஞ்சம் சும்மா வாயேன்."

பொறுப்புள்ள அண்ணன் சும்மா வருவாரா? சிவப்புத் துணியை உருவி, ஜன்னலுக்கு வெளியே வீசி, எதிரே வருபவர்களை எச்சரிக்கத் தொடங்கினார். எதிரில் வந்த கார் தயங்கி நின்றது. உள்ளே இருந்த பெண்மணி வாயைப் பிளந்தாள்.

"பாத்தியா, உன்னைப் பாத்து எப்படி மிரளறாங்க."

பின்னால் ஒரு லாரி வந்தது. சீட் பெல்ட் இடம் கொடுத்த வரைக்கும் திரும்பி, இரண்டு கைகளாலும் 'தள்ளிப் போ' என்று சைகை காட்டினார். பாத்திரம் சரிந்தது. கொதிக்கிற புட்டிங் தொடையில் கொட்ட, அவர் போட்ட அலறல் லாரிக்காரனுக்கே கேட்டிருக்கும். முந்திப் போக இருந்தவன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டான்.

டெல்பர்ட் தலையை வெளியே நீட்டினார். "கிட்ட வராதே. இவளுக்குக் கண்ணு தெரியாது." சொன்னதில் பாதியைக் காற்று தின்றது. லாரிக்காரன் போனைக் காதில் வைத்தான்.

"போன் பேசிக்கிட்டே ஓட்டறான். இவனுக்கெல்லாம் லைசென்ஸ் குடுத்திருக்காங்க."

"பின்னாடி மூணு வண்டி தொடருதே, ஏன்?"

"உன் லட்சணத்தைப் பாக்கத்தான்."

மார்வெலாவின் குரல் இறங்கியது. "ஒரு புகார் போனாப் போதும்ணே, லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க."

டெல்பர்ட்டுக்கு ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கடமை என்று ஒன்று இருக்கிறதே. துணியை இன்னும் வேகமாக வீசினார்.

சைரன் கேட்டது. மார்வெலா இண்டிகேட்டர் விளக்கைப் போட்டு, நேர்த்தியாக ஓரம்கட்டி, இரண்டு கைகளையும் ஸ்டியரிங்மேல் வைத்தாள்.

"நான் பேசிக்கறேன்" என்றார் டெல்பர்ட், துக்கம் விசாரிக்கும் குரலில். "லைசென்ஸை எடுத்து வை. நாமளே குடுத்துடறது மரியாதை."

போலீஸ்காரப் பெண் ஓட்டுநர் பக்கம் போகவில்லை. நேராக டெல்பர்ட்டின் ஜன்னலுக்கு வந்தாள். கையிலிருந்த துணியையும் நனைந்த கால்சட்டையையும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பயப்படாதீங்க பெரியவரே, நாலு பேர் போன் பண்ணிட்டாங்க. இந்தம்மா உங்களை எங்கேருந்து கடத்திட்டு வராங்க?"