சிவஞானம் போட்ட லைன்

"சார், இன்னிக்கும் தண்ணி ஏறல" என்றார் ஆமினா.

சிவஞானம் கையில் தோசைக் கரண்டியோடு வாசல் கேட்டருகே நின்றார். உள்ளே தோசை கருகும் வாசனை வந்தது. மூன்று மாதத்துக்கு முன் மனைவி மரகதம் இறந்துபோனதிலிருந்து அந்த வீட்டில் தோசை கருகாத நாள் கிடையாது.

"ஒரு சொட்டு கூடவா வரல?"

"குழாயைத் தொறந்தா காத்துதான் ஊதுது. கீழ இருக்கிற வீடுகளுக்கெல்லாம் வந்திருக்கு. மேட்டுல எங்க மூணு வீட்டுக்குத்தான் இல்ல." ஆமினா சேலை முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டார். "இந்த நேரத்துல உங்களத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதான் பொறுத்துப் பார்த்தோம். வேற யார்கிட்ட போறது, சொல்லுங்க."

வேறு யாரிடமும் போக முடியாதுதான். நகராட்சியில் குடிநீரைக் கவனிக்கும் மூத்த பொறியாளர் சந்தின் முதல் வீட்டிலேயே குடியிருக்கும்போது, ஷாதிபூரின் அந்தச் சந்துக்காரர்கள் வேறு யாரிடம் போய் நிற்பார்கள்?

அதோடு, அந்தச் சந்தின் குழாய் அவரே போட்டது.

சந்து ரோட்டிலிருந்து பிரிந்து நேராக மேட்டில் ஏறும். சிவகங்கைப் பக்கத்திலிருந்து உதவிப் பொறியாளராகக் கப்பல் ஏறி இந்தத் தீவுக்கு வந்த புதிதில், மேட்டு வீட்டுப் பெண்கள் ரோட்டுக் குழாயில் பிடித்த தண்ணீரை இடுப்பில் சுமந்து ஏறுவதை அவர் தினமும் பார்த்தார். மோட்டார் வைக்காமல் அந்த மேட்டில் தண்ணீர் ஏறாது என்று எல்லா அதிகாரிகளும் கைவிரித்தார்கள். சிவஞானம் மட்டும் உட்கார்ந்து கணக்குப் போட்டார். கீழே பெரிய குழாய், போகப் போகச் சிறிய குழாய், வளைவு இந்த இடத்தில், வால்வு இந்த இடத்தில். பரிசோதனை செய்த அன்று உச்சி வீட்டில், ஆமினாவின் அலுமினிய அண்டாவில் தண்ணீர் சடசடவென்று விழுந்தது. மரகதம் கேசரி கிண்டிச் சந்து முழுக்கக் கொடுத்தாள்.

அதிலிருந்து இலாகாவில் புதிதாகச் சேரும் பையன்களையெல்லாம் அவர் அந்தச் சந்துக்கு அழைத்து வந்து காட்டுவார். "பார்த்துக்கோ. மோட்டார் கிடையாது, ஒண்ணும் கிடையாது. வெறும் கணக்கு."

இடமாற்றம், தணிக்கை, மேலிடத்துத் திட்டு என்று ஓடிப்போன சர்வீஸில் தன்னுடையது என்று அவர் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. சாப்பிடும்போது அந்தப் பெருமையை எடுத்தால் மரகதம் ரசத்தை ஊற்றியபடி, "உங்க கணக்கு தப்புமா?" என்பாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.

மாரடைப்பு வந்து அவள் போன காலையில் அவர் அணையில் நீர்மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே போனுக்கு சிக்னல் கிடையாது. ஊருக்கெல்லாம் தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும் என்று தெரிந்துகொண்டு வீடு திரும்பியவருக்கு, வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது.

அதன்பிறகு துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவர் குழாயைப் பற்றித்தான் பேசினார்.

"காத்து அடைச்சிருக்கு" என்றார் இப்போது, ஜூனியர் இன்ஜினியர் நந்தகுமாரை வரவழைத்து. "வளைவுல ஒரு ஏர் வால்வு வைப்போம். சரியாப் போயிடும்."

நந்தகுமார் வைத்தான். கோடைக்காலமென்பதால் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். அதுவும் அவர் ஆபீஸ் போன பிறகு, வெயில் ஏறி வரும். முதல்முறையாக அவர் ஆபீஸுக்குப் போகாமல் தண்ணீருக்காகச் சந்தில் காத்து நின்றார்.

ஏர் வால்வு முதலில் பாம்பு போலச் சீறியது. பிறகு இருமியது. அப்புறம் தென்னை உயரத்துக்குத் தண்ணீரைப் பீய்ச்சி, பக்கத்து அழகர்சாமி வீட்டு மொட்டை மாடியில் கொட்டியது. அங்கே அழகர்சாமியின் மனைவி ஷோபனா வடகம் காயவைத்திருந்தாள். பாதி காய்ந்த வடகம் மறுபடி கூழாகி, மாடித் தண்ணீர்க் குழாய் வழியாகச் சந்துக்கு இறங்கி வந்தது.

மேட்டு வீடுகளுக்கு வந்துகொண்டிருந்த காற்றும் நின்றுபோனது.

"பரவால்ல சார்" என்றாள் ஷோபனா. கோபமே படவில்லை. அவருக்கு அது என்னவோ போல இருந்தது.

"அப்ப எங்கேயோ லீக்" என்றார் சிவஞானம்.

மறுநாள் ராஞ்சிப் பக்கத்துக் கூலியாட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். சந்தை நீளவாக்கில் தோண்டினார்கள். செம்மண் இருபக்கமும் குவிந்தது. சந்தின் நடுவில் வந்தபோது ஒருவன் நிமிர்ந்து, "சாப், ஏக் தார் கட் கயா" என்றான். அறுந்தது கேபிள் டிவி ஒயர். சந்து முழுவதும் டிவி, இன்டர்நெட் எல்லாம் போயின. யார் வீட்டுப் பிள்ளையோ ஜன்னல் வழியாகக் கத்தியது. அம்மாக்காரி அதன் வாயைப் பொத்தி உள்ளே இழுத்துப் போனாள்.

லீக் எங்கும் இல்லை. அவர் குழிக்குள் இறங்கி ஒவ்வொரு ஜாயிண்டையும் விரலால் தடவிப் பார்த்தார். போட்ட அன்றைக்கு இருந்தது போலவே இருந்தன. தண்ணீர் கசிந்த தடம் ஏதுமில்லை. அவர் விரலில்தான் மண் ஒட்டியது.

மேலே ஏறி வந்தபோது ஆமினா டீ கொண்டுவந்து நின்றார். கீழ் வீட்டிலிருந்து யாரோ பிஸ்கட் கொடுத்தனுப்பினார்கள். சந்தே வாசலில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தண்ணீர் வராத மேட்டுக்காரர்கள்கூட அவர் முகத்தைப் பார்த்ததும் வேறுபக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

பெண்டாட்டி செத்தவன் என்று பாவம் பார்க்கிறார்கள் என நினைத்துக்கொண்டார்.

அன்று மாலை சென்னையிலிருந்து மகள் கார்த்திகா போன் செய்தாள்.

"அப்பா, போதும்ப்பா. ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் கொஞ்ச நாள்தானே இருக்கு. லீவு போட்டுட்டு மெயின்லேண்ட் வந்துடுங்க."

"ஒரு லைன்ல தண்ணி ஏற மாட்டேங்குதும்மா. அதைச் சரி பண்ணிட்டு வரேன்."

"எந்த லைன்?"

"நம்ம லைன்தான்."

"அம்மா இருந்தா..." என்று ஆரம்பித்தாள் அவள். அவர் சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டார். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

காற்றும் இல்லை, லீக்கும் இல்லையென்றால் மிச்சம் இருப்பது திருட்டு. கீழே எவனோ குழாயில் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறான். அடுத்த தண்ணீர் நாளன்று சிவஞானம் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் காதை வைத்துக்கொண்டே சந்தில் ஏறினார். நந்தகுமார் தலையைக் குனிந்தபடி பின்னாலேயே வந்தான்.

அழகர்சாமி வீட்டுச் சுவருக்குப் பின்னால் சத்தம் கேட்டது. சந்தேகமே இல்லாத மோட்டார் சத்தம்.

அழகர்சாமி கப்பல் டிக்கெட் கவுண்டரில் காலமெல்லாம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். நியாயஸ்தர். சிவஞானம் அதையெல்லாம் யோசிக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு பின்கட்டு வரைக்கும் போனார்.

"இத்தனை வருஷப் பழக்கம். உங்க வீட்டிலேயே இப்படியா?"

அங்கே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"மாவு அரைக்கிறோம் சார்" என்றார் அழகர்சாமி. "வடகம் போச்சு இல்லையா, மறுபடி போடணும்."

நந்தகுமார் கிரைண்டரையே பயபக்தியோடு பார்த்துக்கொண்டு நின்றான்.

"சார், தப்பா நெனைக்கலைன்னா நான் ஒண்ணு சொல்லலாமா..." என்று அழகர்சாமி இழுத்தார்.

"ஏங்க" என்றாள் ஷோபனா அடுப்படியிலிருந்து. அவ்வளவுதான். அவர் வாயை மூடிக்கொண்டார்.

அன்று சிவஞானம் சாப்பிடவில்லை. பழைய வரைபடத்தை விரித்துக் கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்த்தார். கீழ் வீடுகளில் எல்லாக் குழாயும் திறந்திருந்தாலும் மேட்டுக்குத் தண்ணீர் ஏற வேண்டும். எல்லாம் சரி. மறுபடி போட்டார். எல்லாம் சரி. ஒருவேளை வயதாகிவிட்டதோ, தப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்கிற கண் போய்விட்டதோ என்ற பயம் வந்தது. மரகதத்திடம் கேட்டால் தப்பே இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள். அப்படிச் சொல்ல இப்போது வீட்டில் ஆள் இல்லை.

கடைசியில் அவர் செய்யக் கூடாததைச் செய்தார். அடுத்த முறை தண்ணீர் விட்டபோது, ரோட்டோரத்து மெயின் வால்வைத் தானே முழுக்கத் திருகினார். ஷாதிபூருக்கு வரும் பிரஷர் மொத்தத்தையும் தன் சந்துக்குள் திருப்பினார்.

"சார், வேணாம் சார்" என்றான் நந்தகுமார். "ஜாயிண்ட் தாங்காது."

"என் ஜாயிண்ட் தாங்கும்."

தாங்கவில்லை. சந்தின் அடிவாரத்தில் குண்டு வெடித்தது போல ஒரு சத்தம். தோண்டிப்போட்ட பள்ளம் வாய்க்காலாகி, செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடியது. முதல் வெள்ளம் அவர் வீட்டு வாசலுக்குள்தான் புகுந்தது. மரகதத்தின் படத்துக்குக் கீழே இருந்த கோலப்பலகை மிதந்து வெளியே வந்தது.

சற்று நேரத்தில் மேலதிகாரியிடமிருந்து போன். "சிவஞானம் ஜி, பூரா ஷாதிபூர் மே பானி நஹி ஹை. க்யா கர் ரஹே ஹோ ஆப்?"

ஷாதிபூர் முழுக்கத் தண்ணீர் இல்லை, என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டவரிடம் சிவஞானம் டேங்கர் அனுப்பச் சொன்னார். டேங்கர் வந்தது. சந்தில் திரும்பும்போது பின்சக்கரம் அவர் தோண்டிய பள்ளத்தில் இறங்கி, வண்டி பக்கவாட்டில் சாய்ந்து, சந்தின் வாயை அடைத்துக்கொண்டு நின்றது. இனி உள்ளே இருக்கிறவர்கள் வெளியே வரவும் முடியாது, வெளியே இருக்கிறவர்கள் உள்ளே போகவும் முடியாது. முன்பு மேட்டு வீடுகளுக்கு மட்டும் தண்ணீர் இல்லை. இப்போது யாருக்குமே இல்லை. அந்த வகையில் சமத்துவம் வந்துவிட்டது.

சிவஞானம் செம்மண் குவியல் மேல் உட்கார்ந்தார். வேட்டி, சட்டையெல்லாம் சேறு. நந்தகுமார் டேங்கர்க்காரனோடு இந்தியில் மன்றாடிக்கொண்டிருந்தான்.

சந்துக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். அழகர்சாமி, ஆமினா, கீழ் வீட்டுப் பெண்கள், எல்லாரும். திட்டப்போகிறார்கள் என்று அவர் காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. யாரும் திட்டவில்லை. ஷோபனா ஒரு துண்டை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

"எனக்குப் புரியல" என்றார் அவர், தரையைப் பார்த்து. சந்து அவர் குரல் உடைந்து கேட்டது அதுதான் முதல்முறை. "அவ போனப்பகூட, இந்த லைன் இருக்குன்னு நெனச்சேன். அவ கேசரி கிண்டிக் கொண்டாடின லைன். இதுவும் போயிடுச்சுன்னா எனக்குன்னு என்ன இருக்கு?"

ஆமினா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"குழாய் அதே குழாய். மேடு அதே மேடு. கணக்கும் அதே கணக்கு. இத்தனை வருஷம் ஏறின தண்ணி இப்ப ஏன் ஏறல? மூணு மாசமா இந்தச் சந்துல என்னதான் மாறிச்சு? யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க. கையெடுத்துக் கும்பிடுறேன்."

நிஜமாகவே கையைக் கூப்பிவிட்டார். சந்துக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அழகர்சாமி மனைவியைப் பார்த்தார். இந்த முறை ஷோபனா அவரைத் தடுக்கவில்லை. தானே ஓரடி முன்னால் வந்தாள்.

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாங்க சார்... தண்ணி விடுற நாள்ல, நீங்க ஆபீஸ் போனதும் மரகதக்கா வீடு வீடா ஏறி இறங்கி, 'மேட்டு வீட்டுல நிரம்புற வரைக்கும் கீழ யாரும் குழாயைத் தொறக்காதீங்க, அவர் போட்ட கணக்கு தப்பாயிடக் கூடாது'ன்னு சொல்லிட்டுப் போவாங்க."