சருகுக்குக் கட்டம் இல்லை

ஒரு காட்டில் புலியும் இல்லை, சிங்கமும் இல்லை. ஏனென்றால் அந்த மலையோரத்து ஆட்கள் காடு என்று சொல்வது அவரைத் தோட்டத்தை. தோட்டத்தைச் சுற்றி ஒரு கிளுவை வேலி. வேலியடியில் நாலு விரல் உயரத்துக்குச் சருகு. பனிக்காலத்து இரவெல்லாம் அந்தச் சருகுக்குள்தான் பூவாத்தாள் என்ற பொறிவண்டும் அவள் சொந்தபந்தம் முந்நூறு பேரும் ஒடுங்கிக் கிடப்பார்கள். அடுத்த வீடு நாச்சிமுத்து என்ற சிலந்தி. வெயில் ஏறியதும் எல்லோரும் எழுந்துபோய் அவரைக்கொடியில் அசுவினிப் பூச்சிகளைத் தின்பார்கள். தோட்டம் பிழைத்துக் கிடந்தது அதனால்தான்.

கார்த்திகைக் கடைசியில் வேலி நல வாரியத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். அணில். கையில் டேப்லெட்.

"வேலியடியில் குப்பை. நாளைக்குள் அகற்ற வேண்டும்."

"குப்பை இல்லைங்க, சருகுங்க," என்றாள் பூவாத்தாள். "எங்களுக்குப் போர்வையே அதுதானுங்க. உள்ளே போயிட்டா பனி அண்டாது."

அணில் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "சருகு என்று கட்டமே இல்லையே, அம்மிணி. குப்பை என்றுதான் இருக்கிறது. உண்டா, இல்லையா?"

"உண்டுங்க, ஆனா..."

"ஆனாவுக்கும் கட்டம் இல்லை."

மறுநாள் வாரியத்து எலிகள் வந்து வேலியடியைத் தரை தெரியப் பெருக்கின. காற்றோட்டம் வேண்டுமென்று அடர்ந்த கிளைகளையும் கழித்துவிட்டன.

பனி நேராக மண்ணில் இறங்கியது. நாச்சிமுத்து தன் வலையிலேயே விறைத்துப்போனான். பூவாத்தாள் தினமும் விடிந்ததும் சொந்தக்காரர்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மார்கழி பாதியில் அசைந்தவர்கள் பதினேழு பேர். தின்ன ஆளில்லாத அவரைக்கொடியில் அசுவினி கருகருவென்று அப்பிக்கொண்டது.

அணில் மறுபடி வந்தார். எண்ணினார். முகம் மலர்ந்தது.

"போன தடவை முந்நூற்றுச் சொச்சம் பூச்சி. இப்போது நாற்பதாயிரம்! எல்லாம் சுத்தத்தின் பலன்."

"அதுக தோட்டத்தைத் தின்கிற பூச்சிங்க! அதுகளைத் தின்கிற நாங்க செத்துக்கிட்டிருக்கிறமுங்க!"

"யார் யாரைத் தின்பது என்பது உங்கள் குடும்ப விவகாரம். வாரியம் தலையிடாது."

'சிறந்த வேலி' என்று பொன்னெழுத்தில் அச்சடித்த தடித்த சான்றிதழ் அட்டை ஒன்றைக் கிளுவைத் தண்டில் கட்டிவிட்டுப் போனார்.

பூவாத்தாள் ஆத்திரத்தோடு அட்டைமேல் ஏறினாள். கிழிக்க முடியவில்லை. பின்பக்கம் இறங்கியவள் அப்படியே நின்றாள். அட்டைக்கும் தண்டுக்கும் நடுவே சின்ன இடுக்கு. காற்று இல்லை, பனி இல்லை.

"எல்லாரும் இங்க வாங்க!"

பதினேழு பேரும் உள்ளே ஒண்டினார்கள். தை பிறந்தபோது பதினேழு பேருக்கும் உயிர் இருந்தது. அவரைக்குத்தான் இல்லை.

அதே வாரம் பூவாத்தாள் வாரியத்துக்கு மனு எழுதினாள். சருகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இன்னும் நூறு சான்றிதழ் வேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தாள். மூன்றே நாளில் வந்து சேர்ந்தது.

நீதி: அதிகாரியிடம் தேவையைக் கேட்காதீர்கள், பாராட்டைக் கேளுங்கள், அட்டை மட்டும் தடிமனாக இருக்கட்டும்.