துடிப்பூரின் சிவப்புத் துணி

ஒரு முதியவரின் இதயத் தசையில், ஓர் உயிரணுவுக்குள், துடிப்பூர் என்றொரு நாடு இருந்தது. அங்கே சூரியன் கிடையாது. வெளிச்சமும் வெப்பமும் வீதிதோறும் எரியும் உலைகளிலிருந்துதான் வந்தன. உலைகளுக்கும் வயதாகும். அப்போது சூடு குறைந்து நச்சுப் புகை கக்கும். அப்படிப்பட்ட உலைக்கு இடிப்பவர் சிவப்புத் துணி கட்டுவார். கட்டிய துணியை மன்னரே ஆனாலும் அவிழ்க்கக் கூடாது. இடித்த கல்லின் சூடு ஆறுவதற்குள் அதே கல்லில் கொத்தனார் புது உலை எழுப்பிவிடுவார். இடிப்பவரும் கட்டுபவரும் ஒரே இலையில் சாப்பிடுவது வழக்கம்.

மன்னருக்கு வயதாயிற்று. சிவப்புத் துணியைக் கண்டாலே அவருக்கு எரிச்சல் வந்தது.

"முதுமையை இழிவுபடுத்தும் இவ்வழக்கம் இன்றோடு ஒழிந்தது. மூத்த உலைகள் இடிக்கப்படா, மாறாக, மாலை அணிவிக்கப்படும்" என்று அமைச்சர் பெருங்கோப்பர் அறிவித்தார். கீழவீதியின் உலைக்கு மன்னரே நேரில் வந்து மாலையிட்டார்.

மாலை அன்றே கருகியது. கீழவீதிப் புகையில் இடிப்புக்காரி நாச்சம்மையின் மகள் பூவரசி மூச்சுக்குத் திணறினாள். நாச்சம்மை அமைச்சரிடம் ஓடினாள்.

"ஐயா, அந்த ஒரு உலைய மட்டும் இடிக்க விடுங்க. கொத்தனார் கூத்தையண்ணன் சாயங்காலத்துக்குள்ள புதுசு கட்டிருவாரு. எம் புள்ள செத்துரும்யா!"

"புகை என்பதே எதிரிகளின் கட்டுக்கதை அம்மா" என்றார் அமைச்சர், துண்டால் மூக்கை மூடிக்கொண்டு. "ஆயினும் அரசு கருணை மிக்கது. பழையதை இடிக்காமலே புதிய உலைகள் கட்டப்படும்."

"இடிக்காம கல்லுக்கு எங்கய்யா போறது?" என்று கேட்டார் அவளோடு வந்திருந்த கூத்தையன்.

குடிமக்களின் வீட்டுச் சுவர்களிலிருந்து உருவிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. மரபு காக்க, பழைய உலைகளிலிருந்துதான் நெருப்பு எடுக்க வேண்டும் என்று இன்னோர் ஆணையும் வந்தது. புது உலைகள் பிறந்த அன்றே புகைந்தன. மக்களுக்குச் சுவரும் போயிற்று.

தேர்தல் வந்தது. 'பழைய புகை', 'புதிய புகை' என்று இரண்டு கட்சிகள். இரண்டுக்கும் மன்னரே வேட்பாளர். வென்ற மகிழ்ச்சியில், புகையை ஒரே நாளில் ஒழிப்பதாகச் சொல்லி, நல்லது கெட்டது பாராமல் உலைகளை இடிக்கச் சொன்னார். திரும்பக் கட்டுவதற்கு ஆணை பிறக்கவில்லை. மன்னர் மாலையிட்டது என்பதால் கீழவீதி உலை மட்டும் தப்பியது. நாடு இருண்டு விறைத்தது. துடிப்பு அவ்வப்போது நின்று நின்று வந்தது. கடைசியாக இருமலுக்குத் தடை விதித்தார்கள்.

பூவரசி இருமினாள். அவளைக் கைது செய்யக் காவலர்கள் வந்தார்கள்.

 நாச்சம்மை கடப்பாரையை எடுத்துக்கொண்டு நேராகக் கீழவீதி உலைக்குப் போனாள். துணியைக் கட்டினாள், இடித்தாள். கூத்தையன் அந்தக் கல்லை அடுக்கி, கல்லோடு கல்லை உரசிப் புது நெருப்பு மூட்டினார். கைது செய்ய வந்த காவலர்கள் அங்கேயே குளிர்காய்ந்துகொண்டு நின்றுவிட்டார்கள். பூவரசிக்கு மூச்சு சீராக வந்தது.

நாச்சம்மையிடம் இன்னொரு துணி மீதமிருந்தது. ஊரே பின்னால் வர, அதை மாளிகைத் தூணில் சுற்றினாள். பெருங்கோப்பர் பதறி ஓடிவந்தார்.

"பெண்ணே! இது உலையன்று, அரசு!"

"சூடு குடுக்கல, புகை மட்டும் விடுது. எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். தள்ளி நில்லுங்க, கல்லு விழும்."

கூத்தையன் சாந்து குழைத்துக்கொண்டிருந்தார்.

நாச்சம்மை முடிச்சை இறுக்கினாள். அதே நேரம் உயிரணுவுக்கு வெளியே, பெரிய மேடை ஒன்றில், துடிப்பூரை இதயத்தில் சுமந்த அந்த முதியவர் ஏழாவது முறையாகப் பதவியேற்றுக்கொண்டிருந்தார். உறுதிமொழி பாதியில் நின்றது. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நாட்டுப்பற்றில் உருகுகிறார் என்று நினைத்துக் கூட்டம் கை தட்டியது.