கோஸ்டாகே பேரால் ஒரு தட்டு

"கோஸ்டாகே ஆத்மா சாந்திக்கு" என்று சொல்லி படகுத்துறையில் ஓர் அம்மாள் தட்டை நீட்டியபோது, சுலினாவிலிருந்து வந்த படகை விட்டுக் கோஸ்டாகே இறங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

தட்டில் சர்க்கரை போட்டு வேகவைத்த கோதுமை, முட்டைக்கோஸ் இலையில் சுற்றிய இறைச்சி, ஓரத்தில் எரியும் மெழுகுவர்த்தி. செத்தவர் பேரால் கொடுப்பதை யாரும் மறுக்கக் கூடாது. மறுத்தால் மேலுலகில் அவர் பட்டினி.

"எந்தக் கோஸ்டாகே?"

"மிளகாய்க் கடை ஸாம்ஃபிரா இருக்காளே, அவ வீட்டுக்காரரு. ஆத்தோட போயிட்டாராம், பாவம். அவதான் ஊருக்கெல்லாம் குடுக்கச் சொன்னா."

ஸாம்ஃபிராவின் வீட்டுக்காரர் இவன்தான். பதினோரு வருடத்துக்கு முன், "சுலினாவுல ஒரு படகு இன்ஜின் மலிவா வருது, பாத்துட்டு நாளைக்கே வந்துடறேன்" என்று இதே துல்சா துறையில் படகேறியவன். அங்கே சாராயக் கடைக்காரியின் சமையல் இன்ஜினைவிடப் பிடித்துப்போயிற்று. போன மாதம் அவள் இவன் பெட்டியைத் தெருவில் வைத்துக் கதவைச் சாத்தினாள். இப்போது ஸாம்ஃபிரா சேர்த்துக்கொண்டால் கூரை, இல்லாவிட்டால் படகுத்துறை பெஞ்சு.

"அவரு சாகலம்மா. நான்தான் கோஸ்டாகே."

அம்மாள் அவனுடைய தாடியையும் பெட்டியையும் பார்த்தாள். "பசிச்சா இன்னொரு தட்டு கேளுங்கண்ணே. எதுக்குப் பொய்யி?"

இரண்டாவது தட்டும் கைக்கு வந்தது. வாங்கினால் பதில் சொல்லியாக வேண்டும்.

"கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்றான். தன் பாவத்துக்குத் தானே மன்னிப்புக் கேட்டு, மேலே தின்னவும் செய்தான்.

மீன் சந்தைக்குள் நுழைந்தால் அங்கேயும் தட்டு. தப்பித்துப் பாலாடைக்கட்டி வரிசைக்குப் போனால் அங்கேயும். ஐந்தாவது தட்டில் பெல்ட்டைத் தளர்த்தினான். ஆனால் மனசு லேசாகிக்கொண்டே வந்தது. ஊருக்கே சோறு போடுகிறாள் என்றால் எவ்வளவு ஆசை வைத்திருக்கிறாள். வருகிறேன் என்று போன வாரம் போட்ட கடிதம் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. போய் முன்னால் நின்றால் போதும், மயங்கித் தோளில் விழுவாள். வெறுங்கையோடு நிற்கக் கூடாதென்று பூக்கடைக்குப் போனான்.

"யாருக்கு?"

"மிளகாய்க் கடை ஸாம்ஃபிரா வீட்டுக்கு."

பூக்காரி எட்டுப் பூவை எண்ணிக் கட்டினாள்.

"ஒண்ணை எடுத்துடு. ஒத்தைப்படையா குடு."

"ஒத்தைப்படை உசிரோட இருக்கிறவங்களுக்கு. சாவுக்கு ரெட்டைப்படைதான். எந்த ஊரு நீ?"

"இந்த ஊருதான். அவன் உசிரோடதான் இருக்கான்."

"பதினோரு மணிக்கே ஊத்திக்கிட்டியா? இந்தா, செத்தவரு மனசு நோகாம ரெண்டு சேத்து வச்சிருக்கேன். போ."

பத்துப் பூ. மறைவாக ஒன்றை உருவினான். கூடவே இன்னொன்று காம்பு ஒடிந்து விழுந்தது. மறுபடி எட்டு. அதற்குள் நதிக்காற்று முதுகைக் குத்த ஆரம்பித்தது.

சந்தை வாசலில் ஒரு வண்டியில் துணி குவித்து வைத்து ஒருவர் ஏழைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டு லிசாந்த்ரு. இரண்டு பேரும் ஒரே படகில் மீன் பிடித்தவர்கள்.

"லிசாந்த்ரு, என்னைத் தெரியலயா?"

"குளிர்ல நடுங்குறீங்க. இதைப் போட்டுக்கங்க, செத்தவரோடது." லிசாந்த்ரு ஒரு கோட்டை எடுத்து அவன் தோளில் மாட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்தார். "அட, அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கே."

இடது பையில் அதே ஓட்டை. பதினோரு வருடம் பூச்சி அரிக்காமல் வைத்திருந்திருக்கிறாள். கோஸ்டாகேவுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. இப்படிப்பட்டவளை விட்டுவிட்டு ஒரு சாராயக் கடையில் கிடந்தோமே என்று முதல்முறையாக வெட்கப்பட்டான்.

காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு லிசாந்த்ரு நடக்க, பூவும் கோட்டுமாக இவன் பின்னால் ஓடினான்.

வீட்டு முற்றத்தில் நீண்ட மேசை, பாதிரியார், முப்பது பேர். கறுப்புத் துணி கட்டிக்கொண்டு ஸாம்ஃபிரா பரிமாறிக்கொண்டிருந்தாள். முன்னைவிடக் கொஞ்சம் சதை போட்டிருந்தாள், நன்றாகவே இருந்தாள்.

"ஸாம்ஃபிரா, நான்தான்."

அவள் பூவை வாங்கினாள். எண்ணினாள். தலையை ஆட்டினாள்.

"சரியாத்தான் கொண்டாந்திருக்கீங்க. உக்காருங்க, எம் புருஷன் பேரால ஒருவாய் சாப்பிட்டுப் போங்க."

"நல்லாப் பாரு. எங் கண்ணைப் பாரு."

அவள் பார்த்தாள். ஒரு விநாடி, நேராக. பிறகு தட்டை அவன் கையில் வைத்தாள்.

"அவரு ஆத்மா சாந்தியடையட்டும்னு சொல்லுங்க."

முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பாதிரியார் கரண்டியைக் கீழே வைத்தார். கோஸ்டாகே வேறு வழியில்லாமல் சொன்னான்.

ஆறாவது தட்டோடு வேலியோரம் ஒதுங்கி லிசாந்த்ருவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அழுதழுது பார்வையே போயிடுச்சு போல. பதினோரு வருஷமும் இப்படித்தான் சோறு போட்டுக்கிட்டு இருக்காளா?"

லிசாந்த்ரு ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தார்.

"சேச்சே, பதினோரு வருஷமும் அவன் நல்லாத்தான் இருந்தான். வர்றேன்னு போன வாரம் ஒரு கடுதாசி போட்டான், அன்னிக்குத்தான் செத்தான்."